நடுமதில்: நாலாவது பெட்டி

முனவ்வறாவின் சாப்பாட்டு மேசையில் யாரும் சாப்பிட்டு மூன்று மாதமாகிறது.

மேசையைப் பெட்டிகள் பிடித்துவிட்டன. சிவப்புப் பெட்டி இங்கிலாந்துச் சாமான். தோஹாவிலிருந்து வரும்போது தங்க வளையலைக் கைப்பைக்குள் போட்டுவிட்டு, அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். நீலப் பெட்டி கொழும்பில் வாங்கியது. அதோடு ஒரு பாட்டுத் தட்டும் வந்தது. அதைப் போட்டுக் கேட்கிற மெஷின் சாய்ந்தமருதில் யாரிடமும் இல்லை. மூன்றாவது, உண்மையில் ஒரு சப்பாத்துப் பெட்டி. வீட்டில் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும் தாய்மாரின் வாட்ஸ்அப் குழுவில் வந்ததையெல்லாம் போட்டோக்கொப்பி எடுத்து அதற்குள் அடைத்து வைத்திருந்தாள்.

மூன்று பெட்டிக்கும் ஒரே வேலைதான். இங்கிலிசு எழுத்துக்கு என்ன ஓசை, ஓசைகள் சேர்ந்து எப்படிச் சொல்லாகும், அந்தச் சொல்லைப் பிழையில்லாமல் எப்படி எழுதுவது என்று காட்டவேண்டும். ஆனால் ஒரே தெருவில் மூன்று புடவைக்கடை இருந்தால் என்ன நடக்குமோ அதுதான் மேசையிலும் நடந்தது. ஒன்று சொல்வதை மற்றது ஒத்துக்கொள்ளாது. நிறத்துக்கு இங்கிலிசில் உள்ள சொல்லைச் சிவப்புப் பெட்டி ஓர் எழுத்துக் கூட்டி எழுதும். நீலப் பெட்டி அதைக் குறைத்துவிடும். மூத்தவள் றுமைஸா இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, “எது சரி உம்மா?” என்பாள். உம்மா, “ரெண்டும் சரி, நீ வாய மூடு” என்பாள்.

போன கிழமை முனவ்வறாவின் கணவர் றாஸிக் தோஹாவிலிருந்து ஃபோனில் வைத்த கெடுவை வாசகர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அவருக்கு அங்கே வேலை மாற்றம். வருடம் ஒன்றில் குடும்பத்தைத் திரும்பக் கூப்பிடுவதாகப் பேச்சு. அதுவரை மூன்று பிள்ளைகளையும் நானே வீட்டில் படிப்பிப்பேன் என்று முனவ்வறா ஒற்றைக்காலில் நின்றாள். றாஸிக்கும் மூன்று மாதம் பொறுத்துப் பார்த்தார். பத்து வயது றுமைஸாவைப் பற்றிக் கவலையில்லை. ஐந்து வயது றிபாவுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. நடுவில் ஏழு வயது றிம்சான். தோஹாவில் இரண்டு வருடம் இஸ்கூலுக்குப் போயும் அவனுக்கு ஓர் எழுத்தும் ஒட்டவில்லை.

“வியாழக்கிழம அஞ்சரைக்கி கோல் எடுப்பன். றிம்சான் ஒரு பக்கம் வாசிக்கணும். வாசிச்சா உண்ட பள்ளிக்கூடம் நடக்கட்டும். இல்லாட்டி திங்கக்கிழம மூணு பேரும் இஸ்கூலுக்கு.”

“றிம்சான எந்த வகுப்புல போடுவாங்க?”

“எழுத்துத் தெரியாட்டி றிபாவோடதான். ஒரே வாங்கில இருத்துவாங்க.”

இன்று அந்த வியாழக்கிழமை.

*

“இது என்ன மகன்?”

சிவப்புப் பெட்டியின் அட்டையில் நீலக் கடலில் ஒரு மீன் நீந்தியது. அதன் கீழே அதன் பெயர்.

“ஃபிஷ்!” றிம்சான் சட்டென்று சொன்னான்.

முனவ்வறா பெருவிரலால் படத்தை மறைத்தாள். “இப்ப?”

றிம்சான் பெருவிரலையே பார்த்தான்.

“இப்பதானே செல்லின!”

“இப்ப மீன் இல்லையே உம்மா.”

“அவன் படத்தத்தான் வாசிக்கிறான்,” என்றாள் றுமைஸா, கொப்பியிலிருந்து தலையை எடுக்காமல். “எழுத்த அவன் பாக்கிறதேயில்ல.”

“உன்னட்ட ஆரு கேட்ட? நீ சொல்வதெழுதல முடி.”

றிபா மேசைக்குக் கீழே அட்டைகளால் வீடு கட்டிக்கொண்டிருந்தாள். வீட்டுக்குக் கூரை காணாது என்று முறைப்பாடு வைத்தாள். அது நியாயமான முறைப்பாடுதான். சிவப்புப் பெட்டியில் நாளுக்கு ஓர் அட்டை குறைந்துகொண்டு வந்தது. ஒரு கிழமையாகக் கட்டிலுக்குக் கீழே, கோழிக்கூட்டுக்குப் பின்னால், தண்ணீர்த் தாங்கிக்கு மேலே என்று எல்லா இடமும் தேடியாயிற்று. முனவ்வறா சின்னவளைச் சந்தேகப்பட்டாள். சின்னவள் அல்லாஹ்மேல் ஆணையிட்டாள், ஐந்து வயதில் அந்த ஆணைக்கு என்ன விலையோ.

“மகன், அழுத்திச் செல்லு. ஃப்... இ... ஷ். சேர்த்துச் செல்லு.”

“ஃப். இ. ஷ்.”

“சேர்த்து!”

“ஃப். இ. ஷ்.” அவன் கண்ணில் தண்ணீர் கோர்த்தது. மூன்று ஓசையும் மூன்று திசையில் போகிற மூன்று ஆட்கள் மாதிரி அவன் வாயிலிருந்து இறங்கி நடந்தன. கொஞ்ச நேரத்தில் அவனும் இறங்கி றிபாவின் கூரையில்லாத வீட்டுக்குள் போய்ப் படுத்துக்கொண்டான்.

முனவ்வறாவின் வாப்பா கச்சிமுகம்மது முதலாளி கல்முனையில் நாற்பது வருடம் புடவைக்கடை நடத்தி, போன வருடம்தான் மௌத்தாகிப் போனவர். ஒரு சேலை விலைப்படவில்லையென்றால் அவர் சேலையைக் குறை சொல்லமாட்டார். விரித்துக் காட்டின கையைத்தான் குறை சொல்லுவார். மகளுக்கு அவருடைய வாய் வந்திருந்தது, அந்தப் பழக்கம் வரவில்லை. அவள் மூன்று பெட்டியையும் முறைத்துப் பார்த்தாள்.

“இதுகள் சரிவராது,” என்றாள். “றுமைஸா, தம்பி தங்கச்சியப் பாத்துக்க. ரெண்டு மணியானா மூணு பேரும் சாச்சிட்ட ஓதப் போங்க. நான் கல்முனைக்கிப் போயிட்டு வாறன்.”

*

சாச்சி என்றால் ஹுஸ்னியா. முனவ்வறாவின் ஒரே தங்கச்சி, நடுமதிலுக்கு அந்தப் பக்கம்.

இந்தக் கரையில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வந்து சேருவார். கச்சிமுகம்மது முதலாளிக்கு இரண்டு பெண், ஒரு வளவு. ஆகவே குறுக்கே ஒரு மதில் கட்டினார். ரோட்டுப் பக்கம் மூத்தவளுக்கு, கடற்கரைப் பக்கம் இளையவளுக்கு. மதிலின் நடுவில் ஒரு தகரக் கதவு போட்டு, அதற்கு இரண்டு பக்கமும் கொண்டி வைக்கச் சொன்னார். ஏன் இரண்டு என்று மேசன் கேட்டானாம். “ரெண்டும் எண்ட புள்ளையள். ஒருத்திக்குச் சாத்த ஏலுமெண்டா மத்தவளுக்கும் சாத்த ஏலணும்” என்றாராம் முதலாளி. பதினொரு வருடமாக இரண்டு கொண்டியும் துருப்பிடித்துத் தொங்கின. கதவு சாத்தப்பட்டதேயில்லை.

ஹுஸ்னியாவுக்குப் பிள்ளைகள் இல்லை. மாப்பிள்ளை நிப்றாஸ் அக்கரைப்பற்றில் நெல் வியாபாரம். காலையில் போனால் பொழுதுபட்டு மஃரிபுக்குத்தான் வருவார். பின்னேரங்களில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு விறாந்தையில் பாய் விரித்து ஓதிக் கொடுப்பாள். அவளிடம் அரபு அரிச்சுவடி அலிஃப் பே தொடங்கி குர்ஆனுக்கு ஏறின பிள்ளைகள் தெருவுக்கு நாலு பேர் இருந்தார்கள். இங்கிலிசுப் பாடத்தில் மட்டும் சாதாரண தரப் பரீட்சையில் மூன்று தடவை விழுந்தவள். ஊருக்கே அது தெரியும். கலியாண வீடுகளில் அதைப் பகிடியாகச் சொல்லித் திரிந்தது அவளுடைய ராத்தா முனவ்வறாதான்.

*

பதியுதீனின் புத்தகக்கடை கல்முனைக் கடைத்தெருவில் ஒரு பாமசிக்கும் நகைக்கடைக்கும் நடுவில் நெருக்கிக்கொண்டு நிற்கிறது. முனவ்வறா உள்ளே போனதும் அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டார். கச்சிமுகம்மது முதலாளியின் மகளென்றால் அரை மணித்தியாலம் ஓடும் என்று அவருக்குத் தெரியும்.

“காக்கா, இங்கிலிசு வாசிக்கப் பழக்கிற சாமான் என்ன இரிக்கி?”

“எத்தின வயசுக்குத் தங்கச்சி?”

“அஞ்சு,” என்றாள் முனவ்வறா. ஏழு என்று சொல்ல வாய் வரவில்லை.

அவர் ஒரு பெட்டியை எடுத்து வைத்தார். அவள் திறந்து ஓர் அட்டையை வெளிச்சத்துக்குப் பிடித்தாள்.

“இதென்ன அப்பிள்? அவிச்செடுத்த மாதிரி இரிக்கி.”

“வாசிக்கிறதுக்குத் தங்கச்சி, திங்கிறதுக்கில்ல.”

“இந்த ‘ஐ’ எழுத்துக்கு என்ன போட்டிரிக்கான்? பனிக்கட்டியில கட்டின வீடு. இது சாய்ந்தமருதில ஆருட வளவுக்க இரிக்கி? எண்ட புள்ள இதப் பாத்து ஐஸ் எண்டுதான் வாசிப்பான்.”

“ஐஸ் எண்டாலும் அதே எழுத்துத்தானே?”

“எழுத்து அது, ஓசை வேற காக்கா! முதல்ல சின்ன ஓசை பழக்கணும், மறுகாதான் பெரிசு. இத அச்சடிச்சவன் எந்தப் புள்ளைக்கிம் படிப்பிச்சிருக்கமாட்டான்.”

பதியுதீன் அந்தப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தார். அதில் எழுத்துகள் காந்தத்தில் இருந்தன. காந்தம் பலமில்லை என்றாள். மூன்றாவதில் சொற்கள் இலேசிலிருந்து கஷ்டத்துக்குப் போகாமல் தாவித் தாவிப் போயின. நாலாவது பெரிய பச்சைப் பெட்டி; பாலிதீன் உறை போட்டு மினுங்கியது. அதைக் கையில் எடுத்து, உறையைத் திறக்கலாமா என்று அவள் கேட்கப் போன நேரம் பதியுதீன் பெருமூச்சு விட்டார்.

“உங்கட தங்கச்சி எண்டா இப்பிடிக் கதைக்கமாட்டா. வந்தா, எடுத்தா, குடுத்தா, போனா.”

“எந்தத் தங்கச்சி?”

“உங்களுக்கு எத்தின தங்கச்சி?”

முனவ்வறா பெட்டியை மேசையில் வைத்தாள். “ஹுஸ்னியா வந்தாவா? இங்கயா? என்னத்துக்கு?”

“போன கிழம. ஒரு இங்கிலிசு எழுத்து அட்டை, நாலு கீறுக் கொப்பி. ஆருக்கு எண்டு கேட்டன். சிரிச்சிட்டுப் போயிட்டா.”

“விலை கதைக்கல்லியா?”

“ஒரு சொல்லும் கதைக்கல்ல. எனக்கே ஒரு மாதிரிப் போச்சி.”

கச்சிமுகம்மது முதலாளியின் வீட்டுப் பெண்கள் தங்களுக்கு ஒரு சீப்பு வாங்கினாலும் பேரம் பேசுவார்கள். பேசாமல் வாங்கினால் அது தங்களுக்கு வாங்கினது இல்லை, ஆசையான ஒரு பிள்ளைக்கு வாங்கினது. அதை முனவ்வறாவுக்கு யாரும் விளங்கப்படுத்த வேண்டியிருக்கவில்லை.

பச்சைப் பெட்டியை உறையோடு அப்படியே தூக்கிக்கொண்டு, கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு இறங்கினாள். பதியுதீன் காசைக் கையில் வைத்துக்கொண்டு வாசல்வரை வந்து பார்த்தார். அக்காவும் தங்கச்சியும் ஒரே கிழமையில் இப்படிச் செய்தால் அந்தக் குடும்பத்தில் ஏதோ பெரிய சங்கதி என்று அவருக்குப் பட்டது.

*

ஆட்டோ சாய்ந்தமருது வரும்வரை முனவ்வறாவின் மனதில் பழைய சங்கதிகள் ஒவ்வொன்றாக ஏறி உட்கார்ந்தன.

சின்ன வயதில் கடைக்குப் போனால் வாப்பா ஹுஸ்னியாவைத்தான் புடவைக் கட்டின்மேல் தூக்கி வைப்பார். உம்மா கடைசி வருடத்தில் நோயாகக் கிடந்தபோது பக்கத்தில் இருந்தது ஹுஸ்னியா. முனவ்வறா தோஹாவில் வீடியோவில் அழுதாள். இப்போது இவளுடைய பிள்ளைகள். றிபாவுக்கு ‘சாச்சிட சோறு’தான் இறங்கும். றுமைஸா தலை பின்னிக்கொள்ள அந்தப் பக்கம் ஓடுவாள். இருக்கட்டும், சோறும் தலையும்தானே என்று முனவ்வறா விட்டுக்கொடுத்திருந்தாள். படிப்பு மட்டும் தன் பக்கம் என்று வைத்திருந்தாள். பல்கலைக்கழகம் முடித்தது அவள். தோஹாவில் மற்றப் பெண்களுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தது அவள். மூன்று பெட்டி அவளிடம்.

சாமான் எல்லாம் அவள் கடையில். சனம் எல்லாம் அடுத்த கடையில். வியாபாரி வீட்டுப் பெண்ணுக்கு இதைவிட என்ன எரிச்சல் வேண்டும்?

வீட்டுக்கு வந்தபோது பின்னேரத்து அஸர் பாங்கு சொல்லி முடிந்திருந்தது. ஓதல் கலைந்து றுமைஸாவும் றிபாவும் வந்துவிட்டார்கள்.

“தம்பி எங்க?”

“சாச்சிட்ட,” என்றாள் றுமைஸா. “அவன் எப்பவும் பிந்தித்தான் வருவான்.”

“எப்பவும் எண்டா?”

றுமைஸா தோளைக் குலுக்கினாள். முனவ்வறா பச்சைப் பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டே நடுமதில் கதவுக்குப் போனாள்.

கதவடியில் நின்றுவிட்டாள்.

விறாந்தைப் பாயில் றிம்சான் சம்மணமிட்டு இருந்தான். எதிரே, ஓதல் குச்சியைக் கையில் பிடித்தபடி ஹுஸ்னியா. ஓதும்போது பிள்ளைகள் முன்னும் பின்னும் ஆடுவார்களே, இரண்டு பேரும் அப்படி ஆடிக்கொண்டிருந்தார்கள். குர்ஆன் வைக்கும் பலகை மடித்து ஒரு பக்கம் வைக்கப்பட்டிருந்தது. பாயில் வரிசையாகக் கிடந்தவை சிவப்புப் பெட்டியின் அட்டைகள். ஒரு கிழமையாகக் கோழிக்கூட்டுக்குப் பின்னால் தேடின அதே அட்டைகள்.

“இதென்ன சத்தம் மகன்? எனக்குத் தெரியா, நீதான் செல்லணும்.”

“ஃப், சாச்சி. காலத்தால உம்மா செல்லித் தந்த.”

“சரி. இப்ப நம்மட மாதிரி. ஃப்-புக்கு இ?”

“ஃப்-புக்கு இ... ஃபி.”

“ஃபி-யோட ஷ்?”

அவன் ஒரு தரம் முன்னுக்கு ஆடினான். “ஃபி-யோட ஷ்... ஃபிஷ்!”

அலிஃப் பே ஓதின எல்லாருக்கும் அந்த ராகம் தெரியும். ஓர் எழுத்தை எடு, அதன் மேலேயோ கீழேயோ உள்ள கீறைச் சேர், வந்த ஓசையைக் கைவிடாமல் அடுத்த எழுத்தில் போய் ஒட்டு. றிம்சான் அந்த ராகத்தில் இங்கிலிசை ஓதினான். அடுத்த அட்டை, அடுத்த அட்டை. “ஷ்-ஷுக்கு ஒ ஷொ. ஷொ-வோட ப் ஷொப். சாச்சி! ஷொப்! மூத்தவாப்பாட ஷொப்! கல்முனைப் புடவக்கட!”

அட்டைகளில் படப் பக்கம் எல்லாம் பாயைப் பார்த்துக் கிடந்தது.

முனவ்வறாவுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். அதைச் சொல்லிவிடவேண்டும். நெஞ்சுக்குள்ளிருந்து கிளம்பித் தொண்டைவரை வந்தது. ஆனால் அதற்கு முன்னாலேயே வாயில் வேறொன்று வந்து உட்கார்ந்திருந்தது.

“உன்ன ஆரு இவனுக்கு இங்கிலிசு படிப்பிக்கச் சொன்ன?”

ஆட்டம் நின்றது. ஹுஸ்னியா குச்சியைக் கீழே வைத்தாள்.

“வாங்க ராத்தா. இருங்க. கேட்டீங்களா, வாசிக்கான்!”

“கேட்டன். ஆரு சொன்ன எண்டு கேக்கன்.”

“நான் எங்க படிப்பிக்கிற? எனக்கு இங்கிலிசு தெரியுமெண்டா மூணு தரம் விழுவனா?” ஹுஸ்னியா சிரிக்கப் பார்த்தாள். “அவன்தான் எனக்குப் படிப்பிக்கான். நீங்க காலத்தால செல்லிக் குடுக்கிற சத்தத்த அட்டையோட கொண்டு வாறான். சேக்கிறதுக்கு மட்டும் நான் ராகம் குடுக்கன். அவ்வளவுதான். நானும் ஒரு கொப்பியில எழுதுறன், பாருங்க.”

அவள் நீட்டின கீறுக் கொப்பியில் கோணல் மாணலாக நாலு பக்கம் இங்கிலிசு எழுத்து. பிழைகளை யாரோ சிவப்பு நிறத்தில் திருத்தியிருந்தார்கள். அந்தத் திருத்தக் கை ஏழு வயசுக் கை.

இது இன்னும் மோசமாக இருந்தது. மகன் தங்கச்சியிடம் படித்திருந்தால் ஒரு நாள் பொறுத்துக்கொள்ளலாம். மகன் தங்கச்சிக்கு ரீச்சராக இருக்கிறான். உம்மாவிடம் ஊமையாக இருக்கிறான்.

“களவா எடுத்திட்டு வந்த சாமான். அத நீயும் வாங்கி வெச்சிரிக்காய்.”

“உம்மாட்ட கேட்டுத்தான் எடுத்த எண்டான்.”

“நான் கேக்கல்ல உம்மா,” என்றான் றிம்சான் மெதுவாக. “கேட்டா நீங்க வேணாம் எண்டிருப்பீங்க.”

“எழும்பு!”

“ராத்தா, அஞ்சரைக்கி மச்சான் எடுப்பாரே. அவன் இன்னும் ஒருக்கா ஓதிட்டு...”

“எண்ட புள்ளைக்கி உம்மா நான்தான், ஹுஸ்னியா.”

அவ்வளவுதான் சொன்னாள். ஆனால் சொல்லாமல் விட்ட மீதியும் விறாந்தையில் வந்து நின்றது. ஹுஸ்னியா அதையும் கேட்டாள். நீட்டின கொப்பியைத் திரும்ப மடியில் வைத்துக்கொண்டு, அட்டைகளைப் பொறுக்கத் தொடங்கினாள்.

முனவ்வறா மகனை இழுத்துக்கொண்டு இந்தப் பக்கம் வந்தாள். தோஹாப் பயணப்பெட்டியின் பூட்டை எடுத்து வந்து, துருப்பிடித்த கொண்டியைத் தட்டி நிமிர்த்திப் பூட்டினாள். அந்தக் கதவு சாத்தினால் எப்படிச் சத்தம் வரும் என்று பதினொரு வருடமாக யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

*

ஐந்தே கால்.

“ஆடாம இரி. ஆம்பிளப் புள்ள மாதிரி நிமிந்து இருந்து வாசி.”

“ஆடாட்டி எழுத்து ஒட்டுதில்ல உம்மா.”

“அது ஓதுறது. இது வாசிக்கிறது.”

றிம்சான் நிமிர்ந்து இருந்தான். வாய் திறக்கவில்லை. பச்சைப் பெட்டி மேசை நடுவில் உறை பிரிக்காமல் மினுங்கிக்கொண்டிருந்தது. அதைப் பிரிக்க யாருக்கும் நேரமிருக்கவில்லை, மனமும் இருக்கவில்லை.

ஐந்தரைக்கு ஃபோன் அடித்தது. றுமைஸா பிடித்துக்கொண்டாள். திரையில் றாஸிக், கழுத்தில் வேலைத்தல அட்டையோடு.

“அஸ்ஸலாமு அலைக்கும். எங்க எண்ட மகன்? நான் அனுப்பின புத்தகம் இரிக்கா? ஏழாம் பக்கம் எடு.”

ஏழாம் பக்கத்தில் படமில்லை. ஐந்து வரி. எல்லாம் கறுப்பு எழுத்து.

ஒரு நிமிடம் போனது. றிபா நகத்தைக் கடித்தாள். றிம்சானின் காது இரண்டும் சிவந்தன. கண் புத்தகத்தில் இல்லை. யன்னலுக்கு வெளியே, நடுமதில் பக்கம் இருந்தது.

“இஞ்சாருங்க, அவனுக்குக் கொஞ்சம் தடிமன், தொண்ட கட்டியிரிக்கி...”

“முனவ்வறா.” றாஸிக்கின் குரல் கோபமாக இல்லை, களைத்திருந்தது. அதுதான் பயமாக இருந்தது. “மூணு மாசம் நான் ஒண்டும் சொல்லல்ல. திங்கக்கிழம காலத்தால நீ அதிபருட்ட போ. நான் கதைச்சி வெக்கன்.”

றிபா, “நானும் நாநாவும் ஒரே வாங்கிலயா?” என்று கேட்டாள். அவளுக்கு அது சந்தோஷச் செய்தி. றிம்சான் புத்தகத்தை மூடப் போனான்.

முனவ்வறா அவன் கையைப் பிடித்தாள். பிறகு, இடுப்பிலிருந்து, மெதுவாக, முன்னுக்கு ஆடினாள். பின்னுக்கு ஆடினாள். இதே வளவில் உம்மாவின் முன்னால் தானும் ஹுஸ்னியாவும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து ஆடின அதே ஆட்டம். முதல் சொல்லின் முதல் எழுத்தில் விரலை வைத்தாள்.

“ஷ்-ஷுக்கு இ?” என்றாள், ராகத்தோடு.

றிம்சான் அவளை ஏறிட்டுப் பார்த்தான். நம்பலாமா என்று பார்த்தான். பிறகு அவனும் ஆடினான்.

“ஷ்-ஷுக்கு இ ஷி... ஷி-யோட ப்... ஷிப்.”

அடுத்த சொல். அடுத்த சொல். இரண்டு இடத்தில் தடக்குப்பட்டான், ஓரிடத்தில் திரும்பிப் போய்ப் பிடித்தான். மூன்றாம் வரியில் முனவ்வறா ராகத்தை விட்டுவிட்டாள். அவன் கவனிக்கவில்லை, தனியே போய்க்கொண்டிருந்தான். ஐந்தாம் வரியின் கடைசிச் சொல்லை எட்டியதும் மூச்சு வாங்கிக்கொண்டு நிமிர்ந்தான்.

தோஹாவில் றாஸிக் கண்ணாடியைக் கழற்றியிருந்தார்.

“மாஷா அல்லாஹ்,” என்றார் கடைசியில். “ஓதுறானா வாசிக்கிறானா எண்டு தெரியல்ல, ஆனா வாசிக்கிறான். முனவ்வறா, நான் தோத்துட்டன். உண்ட பள்ளிக்கூடம் நடக்கட்டும்.” பிறகு சிரித்தார். “எந்தப் பெட்டி வேல செஞ்ச? சிவப்பா, நீலமா?”

மூன்று பிள்ளைகளும் உம்மாவைப் பார்த்தார்கள்.

ஒரு பெயரைச் சொன்னால் போதும். நாலே எழுத்து. அது வாயில் வரும் வழியில் விறாந்தைப் பாயும், ‘மூத்தவாப்பாட ஷொப்’ என்ற அந்தக் குரலும் குறுக்கே வந்தன.

“பச்சை,” என்றாள் முனவ்வறா. “நாலாவது பெட்டி. புதுசா வாங்கின.”

“படிப்பிச்ச ஆரு?”

“வேற ஆரு? நான்தான்.”

றுமைஸா மேசையில் உறை பிரிக்காமல் கிடந்த பச்சைப் பெட்டியைப் பார்த்தாள். ஃபோனைச் சற்றுத் திருப்பிப் பிடித்தாள், பெட்டி திரையில் விழாமல். பத்து வயதில் அவளும் வியாபாரி வீட்டுப் பேத்திதான்.

றிம்சான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழும்பி முற்றத்துக்குப் போனான்.

*

ஃபோன் வைத்த பிறகு முனவ்வறா தேடிப் போனபோது அவன் நடுமதில் கதவடியில் குந்திக்கொண்டிருந்தான். தகரக் கதவின் கீழ் இடைவெளியால் யாரோ எதையோ இந்தப் பக்கம் தள்ளிவிட்டிருந்தார்கள். றப்பர் வளையம் போட்ட ஒரு கட்டு அட்டை. சிவப்புப் பெட்டி அட்டைகள், ஒன்றும் குறையாமல், அவன் வாசித்த வரிசையிலேயே.

“கதவத் திறங்க உம்மா. சாச்சிட்ட செல்லணும்.”

அவள் மறுக்கவில்லை. வாயால் சொல்ல முடியாததைக் கையால் செய்துவிடலாம் என்று நினைத்தாளோ என்னவோ, பூட்டைக் கழற்றி, கொண்டியைத் தூக்கி, கதவைத் தள்ளினாள்.

கதவு அசையவில்லை.

இன்னொரு தரம் தள்ளினாள். அந்தப் பக்கம் இரும்பில் இரும்பு மோதியது. கதவு இடுக்கால் பார்த்தாள், நிப்றாஸ் நெல் ஸ்டோருக்கென்று வீட்டில் வைத்திருக்கிற பெரிய பூட்டு. வாப்பா வைத்த இரண்டாவது கொண்டியும் இன்றைக்குத்தான் வேலைக்கு வந்திருக்கிறது.

“ஹுஸ்னியா,” என்று கூப்பிட்டாள். “புள்ள, திற.”

தகரத்துக்கு அந்தப் பக்கம், மிகக் கிட்ட, சேலை உரசும் சத்தம் கேட்டது. முனவ்வறாவின் சாப்பாட்டு மேசையிலிருந்து நடுமதிலுக்குப் பத்தடிகூட இல்லை. யன்னல் திறந்துதான் கிடந்தது, ஃபோனில் பேசினதெல்லாம் அந்தப் பக்கம் கேட்டிருக்கும்.

றிம்சான் மண்ணில் படுத்து, இடைவெளிக்கு வாயைக் கொடுத்தான்.

“சாச்சி, நான் ஒரு பக்கம் முழுக்க வாசிச்சன்!”

“கேட்டன் மகன்.” ஹுஸ்னியாவின் குரல் வழக்கம்போல மெதுவாக இருந்தது. “உன்ன ஆரு படிப்பிச்ச எண்டு வாப்பா கேட்டாரா?”

“கேட்டாரு.”

“என்ன செல்லின?”

றிம்சான் தலையைத் தூக்கினான். கதவைப் பார்க்கவில்லை. உம்மாவைத் திரும்பிப் பார்த்தான்.